டிரம்முக்குள் ஒரு நண்டு

போன மாதம் கவிதா என்னைப் பழைய தொழிற்சாலைக்கு அழைத்துப் போனாள். திருச்சிக்கு வெளியே கொதிகலன்கள் செய்யும் தொழிற்சாலை அது. என் வேலைக்காலம் முழுவதும் அங்கேதான் கழிந்தது. நான் ஓய்வு பெற்ற பரிசோதனைப் பிரிவுக்கு இப்போது அவள்தான் தலைவி. புதிதாக வந்த ஒரு கருவியைக் காட்டினாள். பெரிய டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். அதன் முனையை ஒரு வெல்டிங்கின் மேல் வைத்து மெல்ல நகர்த்தினாள். இரும்புக்குள் இருந்த குறை, சிவப்பும் மஞ்சளுமாகத் திரையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

“உங்க காலத்துல இதை எப்படி மேடம் பண்ணீங்க?” என்று கேட்டாள்.

“சண்டை போட்டுத்தான்” என்றேன்.

அவள் சிரித்தாள். நான் உள்ளதைத்தான் சொன்னேன். அப்படியானால் அந்தச் சண்டையை எழுதிக் கொடுங்கள் என்று பிடிவாதமாக நின்றாள். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் செலின். பாலக்கரைப் பக்கம் கோயிலை ஒட்டிய வீடு. கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்தபோது நான் கல்லூரி ஆசிரியை ஆவேன் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். எழுபதுகளின் நடுவில் தொழிற்சாலையிலிருந்து வேலை உத்தரவு வந்தது. ‘கணிப்பு உதவியாளர், தற்காலிகம்’ என்று அதில் இருந்தது. கணக்கு படித்த பெண் கொதிகலன் தொழிற்சாலையில் என்னதான் செய்வாள் என்பது என் அம்மாவுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. சம்பளக் கணக்குப் போடுகிறாள் என்று ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். நானும் விட்டுவிட்டேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரும்பை அரத்தால் ராவச் சொன்னார்கள். ராவினேன். பாதுகாப்புத் தொப்பியைக் கொண்டைக்கு மேல் வைத்தால் விழுகிறது, பின்னலாகப் போட்டால் நிற்கிறது என்று கண்டுகொண்டேன். பிறகு என்னைப் பரிசோதனைப் பிரிவின் தலைவர் சடகோபன் சாரிடம் அனுப்பினார்கள்.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெல்டிங் என்பது இரண்டு இரும்புத் தகடுகளை உருக்கி ஒட்டுவது. ஒட்டும்போது உள்ளே காற்றுக்குமிழ் தங்கிவிடலாம், விரிசலும் விழலாம். குமிழால் வந்த ஓட்டை உருண்டையாக இருக்கும், சிறியதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அது வளராது. விரிசல் வளரும். கொதிகலனின் உச்சியில் நீராவியைத் தாங்கி உட்கார்ந்திருக்கும் டிரம்மில் ஒரு விரிசல் வளர்ந்தால், அன்று பக்கத்தில் வேலை பார்ப்பவர்கள் வீடு திரும்ப மாட்டார்கள். ஓட்டையா, விரிசலா என்பதுதான் எங்கள் பிரிவு இரவு பகலாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி.

கனமான இரும்புக்குள்ளே பார்க்க முடியாது. கேட்கத்தான் முடியும். தீப்பெட்டி அளவுள்ள ஒரு முனையை, கிரீஸ் தடவி இரும்பின் மேல் வைப்போம். அது காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பும். குறையில் மோதி ஒலி திரும்பினால் பச்சைத் திரையில் ஒரு கூம்பு எழும். கூம்பின் உயரத்தைக் குறித்துக்கொண்டு, முனையைக் கொஞ்சம் நகர்த்தி, கோணத்தை மாற்றி, மறுபடி குறிப்போம். உள்ளே ஏதோ இருக்கிறது என்பதை இது சொல்லிவிடும். என்ன உருவத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. அடுத்த வீட்டுச் சமையலறையில் பாத்திரம் விழுந்த சத்தத்தைக் கேட்டு, விழுந்தது குண்டானா சொம்பா, விளிம்பு எங்கே நசுங்கியிருக்கிறது என்று நம் வீட்டிலிருந்து சொல்ல வேண்டும். அதுதான் நான் போட வேண்டிய கணக்கு.

சடகோபன் சார் ஸ்ரீரங்கத்துக்காரர். காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, நெற்றியில் திருமண் காய்வதற்குள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிவிடுவார். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கணிப்பொறியைக்கூட ‘அவர்’ என்றுதான் சொல்வார். “இன்னிக்கு அவர் என்ன சொல்றார்?” என்று கேட்டுக்கொண்டே அறைக்குள் வருவார். எதற்கும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டார். “பார்ப்போம்” என்பார். சொல்லும்போது கண் திறந்திருந்தால் நடக்கும். கண் மூடியிருந்தால் நடக்காது. ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு சொன்னால், கேட்டது என்ன என்பதே அவர் காதில் விழவில்லை என்று பொருள். அவர் அறையில் ஒரு கரும்பலகை இருந்தது. அதில் எதையும் அழிக்க விட மாட்டார். இடமில்லாமல் போய், சமன்பாடுகள் சட்டத்தின் மரத்திலும் பிறகு சுவரிலும் ஏறிக்கொண்டிருந்தன. வெள்ளையடிக்க வந்தவர்கள் அந்தச் சுவரை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

ஏதோ ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் படித்துவிட்டு அவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். குறை ஓர் உருண்டை என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த உருண்டையில் மோதினால் எதிரொலி எப்படி வரும் என்று கணக்கிட வேண்டும். நாம் அளந்த எதிரொலியோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப உருண்டையை அங்கே கொஞ்சம் அழுத்தி, இங்கே கொஞ்சம் இழுத்து, மறுபடி கணக்கிட வேண்டும். இதை அவர் ‘சுற்று’ என்று சொல்வார். ஒவ்வொரு சுற்றிலும் உருவம் நிஜத்தை நெருங்கும். ஒரே சுற்றில் பாய்ந்துவிடாமல் இருக்க, உருவத்தை அதிகம் நெளிய விடாதே என்று கணக்குக்குள்ளேயே ஒரு கட்டுப்பாடு வைப்போம். அதற்குக் கடிவாளம் என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயர் மட்டும் அவருக்குப் பிடித்துப்போய்க் கண்ணைத் திறந்துகொண்டே “பார்ப்போம்” என்றார்.

கணிப்பொறி இருந்தது சம்பளப் பிரிவுக்காக. மதியம் அவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் எங்களுக்குக் கொடுப்பார்கள். அட்டைகளில் துளையிட்டு அடுக்கி எடுத்துக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, குளிர்சாதன அறைக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உருவத்தை அது நட்சத்திரக் குறிகளால் காகிதத்தில் அச்சடித்துத் தரும். நாங்களே துளை போட்டு வைத்த மாதிரி இரும்புகளில் முறை ஒழுங்காக வேலை செய்தது. உருண்டை வைத்தால் உருண்டை வந்தது. நீளமாக வைத்தால் நீளமாக வந்தது. சடகோபன் சார் அன்று வீட்டிலிருந்து கொண்டுவந்த புளியோதரையைப் பிரிவு முழுவதற்கும் பகிர்ந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த டிரம் வந்தது.

டிரம் செய்யும் பகுதிக்குக் காதர் பாய்தான் ஃபோர்மன். உயரமான மனிதர். பேசினால் கூரைத் தகரம் அதிரும். ஒரு நாள் எங்கள் பிரிவின் வாசலில் வந்து நின்றார். “சார், என் டிரம்முல ஒரு எக்கோ வருது. இன்ஸ்பெக்டர் பாத்துட்டாரு. விரிசல்தான், வெட்டுங்கறாரு. வெட்டுனா மறுபடி வெல்டு, மறுபடி ஃபர்னஸ். உங்க கம்ப்யூட்டர் இருக்குல்ல, அதைக் கேட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க.”

“பார்ப்போம்” என்றார் சடகோபன் சார். கண் திறந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் நடராஜன், டிரம்மை வாங்கும் மின்நிலையத்தின் சார்பில் மெட்ராஸிலிருந்து வந்திருந்தவர். தொழிற்சாலைக் காபி குடித்தால் கடமை தவறியதாகிவிடும் என்று தன் ஃபிளாஸ்கில் தானே கொண்டுவருவார். எங்கள் குடிதண்ணீரைக்கூடத் தொடத் தயங்குவார். “எனக்கு எதுவும் கண்ணால பாக்கணும். பாக்காத எதுக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்” என்பது அவருடைய முதல் பேச்சு. அதுவே கடைசிப் பேச்சாகவும் இருக்கும் என்று தோன்றியது. கணக்கு முடியும் வரை வெட்டுவதைத் தள்ளிவைக்க மட்டும், பெரிய மனது பண்ணி, சம்மதித்தார்.

அதே வாரத்தில் மேலிடத்திலிருந்து சடகோபன் சாருக்கு ஒரு பேச்சு வந்தது. இந்த எதிரொலிக் கணக்கால் தொழிற்சாலைக்கு ஏதாவது பலன் உண்டா, இல்லையென்றால் அந்தப் பெண்ணைச் சம்பளப் பிரிவுக்கு மாற்றிவிடலாமே என்று. அவர் என்னிடம் அதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அம்மா இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த பொய் நிஜமாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அளவெடுத்தவர் தங்கராசு. அரியமங்கலத்திலிருந்து சைக்கிளில் வருவார். மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை, படிய வாரிய தலை. அவர் எழுதிக் கொண்டுவரும் எண்கள் அச்சடித்த மாதிரி இருக்கும். ஓர் இடத்திலும் அடித்தல் திருத்தல் கிடையாது. ஒரே இடத்தைப் பலமுறை அளந்து, அளவு எவ்வளவு தடுமாறுகிறது என்றும் எழுதித் தரச் சொல்லியிருந்தேன். கொஞ்சமும் தடுமாறவில்லை என்று வந்தது. சடகோபன் சார் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்து, “தங்கராசு கையில தெய்வம் இருக்கு” என்றார்.

அட்டைகளை அடுக்கி ஓட்டினேன். முதல் சுற்றுகளில் உருளைக்கிழங்கு போல வந்தது. பிறகு நடுவில் இடுங்கி முந்திரிப் பருப்பு ஆயிற்று. அளவு இவ்வளவு துல்லியமாக இருக்கும்போது வித்தியாசமும் கிட்டத்தட்டச் சைபருக்கு வர வேண்டும், அதுவரை நிறுத்தக் கூடாது என்று கணிப்பொறிக்குச் சொல்லியிருந்தோம். அது தொடர்ந்து சுற்றியது. முந்திரிக்கு மேலே ஒரு கொம்பு முளைத்தது. பிறகு பக்கத்துக்குப் பக்கம் கால்கள். கடைசியாக அச்சடித்து வந்த காகிதத்தில், இரண்டு கொடுக்குகளும் நிறையக் கால்களுமாக ஒன்று படுத்திருந்தது. ஒரு கால் டிரம்மின் சுவரையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

காதர் பாய் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “ஏம்மா செலின், இந்த நண்டு என் டிரம்முக்குள்ள எப்பம்மா போச்சு?”

“நண்டுன்னு சொல்லாதேங்கோ பாய்” என்றார் சடகோபன் சார், முகம் சுளித்து. “தாமரைன்னு வெச்சுக்கலாம்.”

“தாமரைக்குக் கொடுக்கு ஏது சார்?”

சடகோபன் சாருக்கு நண்டு பிடிக்கவில்லையே தவிர, முறையில் நம்பிக்கை குறையவில்லை. “இன்னும் சில சுத்து விடுங்கோ. சரியாயிடும்” என்றார்.

“சார், சுத்தச் சுத்தத்தான் கால் முளைக்குது” என்றேன்.

“வித்தியாசம் குறைஞ்சுண்டுதானே வரது? நம்பரைப் பாருங்கோ. ஒவ்வொரு சுத்துலயும் எதிரொலி இன்னும் நன்னாப் பொருந்தறது. பொருந்திண்டே வரச்சே ஏன் நிறுத்தணும்?”

அவர் சொன்னது உண்மைதான். எனக்குத் தலை சுற்றியதும் அங்கேதான். எண் நன்றாக ஆகிக்கொண்டே வந்தது, படம் மோசமாகிக்கொண்டே வந்தது. நண்டு போட்டால் வரும் எதிரொலி, நாங்கள் அளந்த எதிரொலியோடு ஏறக்குறைய ஒட்டிக்கொண்டது. அப்படியானால் உள்ளே நண்டுதான் இருக்க வேண்டும். இருக்க முடியாது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

பல நாள் அவரும் நானும் அந்தச் சுவரின் முன் நின்று வாதாடினோம். அவர் கோபப்பட மாட்டார் என்பது இன்னும் சிரமமாக இருந்தது. நான் குரலை உயர்த்த உயர்த்த அவர் தணிந்துகொண்டே போவார். ஒரு கட்டத்தில் அவர் உதடு அசைவதுதான் தெரிந்தது. கடிவாளத்தை இறுக்கிப் பார்த்தேன். நண்டுக்குப் பதில் உருளைக்கிழங்கிலேயே நின்றுவிட்டது. தளர்த்தினேன். நண்டுக்கு இறக்கை வந்தது. அதற்குள் காதர் பாய் தன் ஆட்களிடம் சொல்லிவிட்டிருந்தார். நான் டிரம் பகுதி வழியாகப் போனால், “மேடம், இன்னிக்கு என்ன மீன் மாட்டிச்சு?” என்று யாராவது கேட்பார்கள்.

ஒரு நாள் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது. சின்னச் சின்ன நெளிவுகளை எதிரொலி பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. உருவத்தில் ஒரு கால் முளைத்தாலும் எதிரொலி மயிரிழை அளவுதான் மாறும். அப்படியானால் அளவில் ஒரு மயிரிழை நடுக்கம் இருந்தால், அதை விளக்குவதற்குக் கணக்கு ஒரு காலை முளைக்க வைக்கும். எங்கள் கணக்கு குறையைத் தேடி முடித்துவிட்டு, அதற்கப்புறம் கை நடுக்கத்துக்குக் கால் வரைந்துகொண்டிருந்தது. நடுக்கம் எவ்வளவோ அந்த அளவுக்கு வித்தியாசம் குறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஆனால் நடுக்கம் அறவே இல்லை என்றல்லவா தங்கராசு எழுதித் தந்திருக்கிறார்.

மறுநாள் டிரம் பகுதிக்குப் போய், தங்கராசு அளவெடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முனையை வைத்தார். கூம்பு எழுந்தது. உயரத்தைப் பார்த்தார். முனையைத் தூக்கிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அதே எண்ணை வரிசையாகக் கீழே கீழே எழுதினார்.

“மறுபடி வைக்கலையா?” என்று கேட்டேன்.

“எதுக்கு மேடம்? அதே இடந்தானே.”

“அதே இடத்தைத் திரும்பத் திரும்ப அளக்கணும்னு சொன்னேனே.”

“ஒரே இடத்தை எத்தனை வாட்டி பாத்தாலும் ஒரே நம்பர்தானே மேடம் வரணும்?”

“வெச்சுப் பாருங்க.”

அவர் மறுபடி வைத்தார். கூம்பு கொஞ்சம் குட்டையாக வந்தது. அவர் முகம் மாறியது. எடுத்து வைத்தார். இப்போது கொஞ்சம் உயரம். கிரீஸைத் துடைத்தார், புதிதாகத் தடவினார், முனையை மாற்றினார். ஒவ்வொரு முறையும் வேறு வேறு. தங்கராசுவுக்கு நெற்றியில் வியர்வை பொங்கிவிட்டது.

“மெஷின் கெட்டுப்போச்சு மேடம்” என்றார்.

“இல்லீங்க. நல்லாத்தான் இருக்கு. இப்படித்தான் வரும்.”

அவர் முனையைத் துணியில் துடைத்து வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “முன்னாடி நான் வேலை பாத்த பட்டறையில ஒரே இடத்துக்கு ரெண்டு நம்பர் எழுதிட்டேன்னு எல்லார் முன்னாலயும் திட்டுனாங்க மேடம். வேலை தெரியாதவன்தான் மாத்தி மாத்தி எழுதுவான்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் மாத்தி எழுதினதே இல்லை.”

“இங்க மாத்தி மாத்தி எழுதுங்க. வர்றதை வர்றபடி எழுதுங்க.”

“பாக்க அசிங்கமா இருக்கும் மேடம்.”

“இருக்கட்டுங்க.”

என் புடவை முழுக்கக் கிரீஸ் ஆகும்வரை அவரோடு நின்று எல்லா இடங்களையும் மறுபடி அளந்தோம். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு சடகோபன் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். நெடுநேரம் திறக்கவில்லை.

“அப்போ” என்றார் கடைசியில், “இத்தனை நாளும் நாம தங்கராசுவோட கையெழுத்தையா ஆராய்ச்சி பண்ணிண்டிருந்தோம்?”

தங்கராசுவை அவர் கடிந்துகொள்ளவில்லை. கூப்பிட்டு, “உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு. கொஞ்சம் குறைச்சுக்கோங்கோ” என்று மட்டும் சொன்னார். தங்கராசு அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இம்முறை நடுக்கத்தின் அளவைக் கணிப்பொறிக்குச் சொல்லி ஓட்டினேன். உருளைக்கிழங்கு வந்தது. முந்திரி வந்தது. அதன் இடுப்பு இன்னும் இறுகியது. கால் முளைப்பதற்கு முன்னால் கணக்கு தானாக நின்றது. காகிதத்தில் பக்கம் பக்கமாக இரண்டு உருண்டைகள் இருந்தன. நடுவில் ஓர் இடம் மட்டும் மங்கலாக இருந்தது.

எல்லாரும் கூடினார்கள். “ரெண்டு ஓட்டை” என்றார் சடகோபன் சார். வாழ்நாளில் அவர் இவ்வளவு நேராகப் பேசி நான் கேட்டதில்லை. “விரிசல் இல்லை.”

“அல்லாஹ் காப்பாத்துனான்” என்றார் காதர் பாய்.

இன்ஸ்பெக்டர் நடராஜன் காகிதத்தின் மேல் குனிந்தார். ஃபிளாஸ்க் மூடியால் நடுவில் சுட்டிக்காட்டி, என்னைப் பார்த்துக் கேட்டார். “இங்க என்ன இருக்கு?”

“தெரியாது சார்” என்றேன்.

காதர் பாய் என்னைப் பார்த்த பார்வையில் என்னைச் சம்பளப் பிரிவுக்கு மட்டுமல்ல, காவிரிக்கே அனுப்பிவிடுவார் போலிருந்தது.

“ரெண்டு ஓட்டையும் உருண்டைங்கறது நிச்சயம். நடுவுல இருக்கறது எங்க ஒலியோட அலைநீளத்தைவிடச் சின்ன இடம். அங்க சுத்தமான இரும்பும் இருக்கலாம், ரெண்டையும் இணைக்கற மெல்லிய விரிசலும் இருக்கலாம். இந்த அளவை வெச்சுச் சொல்ல முடியாது. இதுக்கு மேல சுத்தினா கணக்கு தானா எதையாவது வரையும். அதுல அர்த்தம் இல்லை.”

“தெரியாதுங்கறதுக்கா இவ்வளவு நாளு?” என்றார் காதர் பாய்.

“வெட்டுங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

வெட்டினார்கள். வெட்டுவது என்றால் அரைக்கும் சக்கரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக்கொண்டே இறங்குவது. ஒவ்வொரு அடுக்குக்கும் சிவப்புச் சாயம் பூசித் துடைத்துப் பார்ப்பார்கள். விரிசல் இருந்தால் சாயம் அதில் தங்கிக் கோடாகத் தெரியும். சடகோபன் சார் தீப்பொறி வேட்டியில் படாத தூரத்தில் நின்றுகொண்டு ஏதோ முணுமுணுத்தார். முதல் ஓட்டை தெரிந்தது. பிறகு இரண்டாவது. இரண்டும் மிளகு போல உருண்டை. நடுவில் சாயம் பூசித் துடைத்தார்கள். ஒன்றுமில்லை. பளபளவென்று சுத்தமான இரும்பு.

இன்ஸ்பெக்டர் முழங்காலிட்டுப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். என் அச்சுக் காகிதத்தை வாங்கி, பள்ளத்தின் பக்கத்தில் வைத்து, அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார். ஓட்டைகள் நான் சொன்ன இடத்திலேயே, சொன்ன அளவிலேயே இருந்தன. எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, “இதை வெட்டாமலே விட்டிருக்கலாம்” என்றார்.

காதர் பாய் பள்ளத்தையும் எங்களையும் பார்த்தார். “அதாவது” என்றார், வழக்கத்துக்கு மாறாக மெல்லிய குரலில், “வெட்ட வேணாம்னு தெரிஞ்சுக்கறதுக்காக வெட்டியிருக்கோம்.”

அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு, வெல்டரைக் கூப்பிடப் போனார். மறுபடி வெல்டிங், மறுபடி ஃபர்னஸ் எல்லாம் நடந்தது. என்னைச் சம்பளப் பிரிவுக்கு மாற்றும் பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. சடகோபன் சார் மேலிடத்துக்குப் போய் என்ன சொன்னாரோ தெரியாது. என் வேலை உத்தரவில் ‘தற்காலிகம்’ என்ற சொல் சில மாதங்களில் மறைந்தது.

அதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியதே இல்லை. அடுத்த டிரம்மிலும் அதே மாதிரி ஓர் எதிரொலி வந்தது.

இப்போது எல்லாம் தலைகீழாக இருந்தது. தங்கராசு ஒரு பக்கம் முழுக்கத் தாறுமாறான எண்களாக எழுதிக் கொண்டுவந்து, “எப்படி மேடம் அசிங்கமா இருக்கா?” என்று பெருமையோடு கேட்டார். கணக்கு ஓடி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. இரண்டு உருண்டைகள், நடுவில் ஒரு மங்கல். முதல் படத்தைப் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. இன்ஸ்பெக்டர் நடராஜனே எங்கள் அறைக்கு வந்துவிட்டார்.

“உங்க கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?”

“ரெண்டு ஓட்டை சார். நடுவுல தெரியாது.”

“போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க. திறந்து பாத்தப்ப சுத்தமாத்தான் இருந்தது.”

“போன தடவையும் தெரியாதுன்னுதான் சொன்னேன். சுத்தம்னு சொல்லலை.”

காதர் பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். என்னை மகளே என்று கூப்பிட்டது அன்றுதான். “இதே நண்டுக் கணக்குத்தான் மகளே. இதே ரெண்டு ஓட்டை. அதே வெல்டரு, அதே இரும்பு. சுத்தம்னு ஒரு வார்த்தை எழுதிடேன். இன்ஸ்பெக்டரே ஒத்துக்கறாரு பாரு. நானும் டிரம்மை வண்டியில ஏத்திட்டு நிம்மதியா ஜும்மாவுக்குப் போயிடுவேன்.”

ஆசையாகத்தான் இருந்தது. என்னைக் கேலி செய்த அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு வார்த்தை எழுதினால் எல்லாருக்கும் சந்தோஷம். சடகோபன் சாரைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த வார்த்தை வேண்டியிருந்தது, முகத்தில் தெரிந்தது.

“தெரியாததை எப்படி பாய் எழுதறது?” என்றேன். “தெரியாதுன்னு வேணா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

“தெரியாதுன்னு எழுதுன காகிதத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் கேள்வி நியாயமானது. விதிப் புத்தகத்தில் ஏற்கலாம், நிராகரிக்கலாம் என்ற இரண்டுக்குத்தான் இடம் இருந்தது. சடகோபன் சார் எழுந்தார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் எழுந்தார் என்று நினைத்தேன். அவர் மேசையிலிருந்த காகிதத்தை எடுத்து, நான் சொன்னதை அப்படியே எழுதி, கீழே முதலில் தானே கையெழுத்திட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். “நானும் தெரியாதுன்னுதான் சொல்றேன்” என்றார் இன்ஸ்பெக்டரிடம். “ரெண்டு பேருக்குத் தெரியாத எடத்தை நீங்கதான் கண்ணால பாக்கணும்.”

காதர் பாய் அன்று ஜும்மாவுக்குப் போய்விட்டு வந்துதான் சக்கரத்தைத் தொட்டார். அரைக்க அரைக்க, முதல் ஓட்டை, இரண்டாவது ஓட்டை. சாயம் பூசித் துடைத்தார்கள். இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவில், தையல் நூலை வைத்தது போல, மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று எழுந்து நின்றது.

சக்கரத்தை அணைத்த பிறகும் காதர் பாய் எழுந்திருக்கவில்லை. விரலால் அந்தக் கோட்டைத் தொட்டார். துடைத்தார். மறுபடி சாயம் பூசச் சொன்னார். மறுபடியும் கோடு வந்தது. இன்ஸ்பெக்டர் ஃபிளாஸ்கைத் திறந்து, மூடியில் காபி ஊற்றி, முதன்முறையாக இன்னொருவருக்கு நீட்டினார். காதர் பாய் வாங்கிக் குடித்தார்.

“போன டிரம்மும் நல்லது, இந்த டிரம்மும் நல்லதுன்னு எழுதிக் குடுத்திருந்தா…” என்று ஆரம்பித்த காதர் பாய் முடிக்கவில்லை.

அதற்குப் பிறகு டிரம் பகுதியில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஏற்றுக்கொண்ட வெல்டிங்கின் பக்கத்தில் சாக்பீஸால் சரி போடுவார்கள். வெட்ட வேண்டியதற்குப் பெருக்கல் குறி. மூன்றாவதாக ஒன்றைக் காதர் பாய் தானாகவே கண்டுபிடித்தார். நான் சொல்ல முடியாது என்று சொன்ன இடங்களில் ‘செ.தெ.’ என்று எழுதிவைத்தார். செலினுக்குத் தெரியாது. அந்த இடங்களை வேறு முனை, வேறு கோணம், வேறு அலைநீளம் என்று மாற்றி மாற்றி அளந்து பார்ப்போம். அதிலும் தெரியாவிட்டால் மட்டும் சக்கரம்.

எண்பதுகளின் கடைசியில் புதிதாகச் சேர்ந்த ஓர் இன்ஜினியர், டிரம்மைச் சுற்றி வந்து அந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு, விதிப் புத்தகங்களை எல்லாம் புரட்டித் தேடியிருக்கிறார். எங்கும் இல்லை. கடைசியில் நான் நிற்கும்போதே வந்து, “செ.தெ.ன்னா என்ன சார்?” என்று காதர் பாயிடம் கேட்டார்.

காதர் பாய் என்னை ஒரு முறை பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

“அது ஜெர்மன்காரன் முறைங்க” என்றார். “ரொம்பக் கண்டிப்பானது. அது போட்ட இடத்துல யாரும் விளையாட முடியாது.”

அந்த இன்ஜினியர் அதைக் குறித்துக்கொண்டு போனார். நான் திருத்தவில்லை.